கவர் மேல் இருந்த நம்பர்

என்னைத் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் நான் சாது என்றுதான் சொல்வார்கள். ஐ.சி.யூ.வில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். நோயாளியின் மாமா, மச்சான், ஊர்ப் பெரிய மனுஷன் என்று யார் வந்து கத்தினாலும் "கொஞ்சம் வெளிய இருங்க சார்" என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்புகிறவள். போன மாசி மாதம் ஒரே வாரத்தில் அந்தச் சிரிப்பு மொத்தமும் தீர்ந்துபோனது. எப்படித் தீர்ந்தது என்று சொல்கிறேன். இன்னும் ஆறவில்லை, அதனால் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

என் பெயர் மணிமேகலை. வயது இருபத்தொன்பது. தில்லைநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சொந்த ஊர் துறையூரைத் தாண்டி உப்பிலியபுரத்துக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்ரீரங்கத்துக்கு ஜெர்மன் படிக்கப் போவேன். அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. சொல்லித்தருகிற ரிஃபானா என்னைவிட ஐந்து வயது சின்னவள். ஜெர்மனியில் ஒரு வீட்டில் தங்கி ஒரு வருடம் குழந்தை பார்த்துவிட்டு வந்தவள். பொறுமை என்பதே கிடையாது. எனக்கு அவளைப் பிடிக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போர்டில் 'ட்யூர்ஃபன்' என்று எழுதினாள்.

"இன்னிக்கு அனுமதி. கேக்குறது, குடுக்குறது, மறுக்குறது மூணும் பாக்கப் போறோம். 'டார்ஃப் இஷ்'னு ஆரம்பிச்சா, 'நான் செய்யலாமா, நீங்க விடுவீங்களா'ன்னு அர்த்தம். செய்ய முடியுமான்னு கேக்குறதுக்கு வேற சொல்லு இருக்கு. அதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. இது முழுக்க முழுக்க விடுவீங்களா, மாட்டீங்களா."

இரண்டிரண்டு பேராகப் பேசச் சொன்னாள். எனக்கு ஜோடி ரெஜிஸ். அவரும் நர்ஸ்தான், வேறு ஆஸ்பத்திரி. அவர் என்னிடம் ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்க வேண்டும், நான் முடியாது என்று சொல்ல வேண்டும்.

"டார்ஃப் இஷ் தாஸ் ஃபென்ஸ்டர் அவுஃப்மாகன்?" என்றார் ரெஜிஸ்.

"யா, ஸீ ட்யூர்ஃபன்," என்றேன். ஆமாம், நீங்கள் திறக்கலாம்.

"அக்கா, மாட்டேன்னு சொல்லணும்," என்றாள் ரிஃபானா.

மறுபடி கேட்டார். மறுபடியும் என் வாயில் 'யா'தான் வந்தது. மூன்றாவது தடவையும் அதேதான். 'நைன்', அதாவது இல்லை என்ற ஒரு சொல், அதுவும் ஒரே மூச்சில் முடிந்துவிடுகிற சொல், அது எனக்கு வரவில்லை.

"அக்கா, அவர் கேக்குறது ஜன்னலை. உங்க கிட்னியை இல்ல. தைரியமா இல்லைன்னு சொல்லுங்க," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு முறை மாறியது. இப்போது நான் கேட்க வேண்டும். கேட்டேன். ரிஃபானா கையைத் தட்டினாள்.

"கேக்குறது மட்டும் பிரமாதமா வருது உங்களுக்கு. குரலே மாறிடுச்சு. கையப் பாருங்க!"

பார்த்தேன். என் இரண்டு கையும் வயிற்றுக்கு முன்னால் கட்டியிருந்தன. நான் கட்டியது எனக்கே தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். வெட்கமாக இருந்தது.

அவரவர் வாழ்க்கையிலிருந்து பத்து அனுமதி வாக்கியம் எழுதி வரச் சொன்னாள் ரிஃபானா. மற்றவர்கள் பத்துக்கு என்ன செய்வது என்று முழித்தார்கள். நான் திரும்பி வரும் டவுன் பஸ்ஸிலேயே நோட்டைப் பிரித்துவிட்டேன். நான் ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலை விட்டு வெளியே போகலாமா. நான் அத்தை மகள் கல்யாணத்துக்கு ஒரு நாள் லீவு எடுக்கலாமா. நான் முடியைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாமா. நான் இந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லலாமா. நான் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் சொல்லாமல் இருக்கலாமா. காவிரிப் பாலம் வரும்போது இருபதைத் தாண்டிவிட்டது. பஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றும் நான் எழுதிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் வந்து "இறங்கலையா?" என்று கேட்டார். மன்னிக்கச் சொல்லிவிட்டு இறங்கினேன். மன்னிப்பு வேறு!

அன்று வகுப்பு முடிகிறபோது ரிஃபானா இன்னொன்றும் சொல்லியிருந்தாள். அடுத்த சனிக்கிழமை சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஹோட்டலில் நேர்காணல். ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்தே ஆள் வருகிறார்கள். தேர்ந்தெடுத்தவர்களுக்கு மிச்ச மொழிப் படிப்பு, விசா, எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒரே ஒரு நிபந்தனை. சான்றிதழ் எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும். ஜெராக்ஸோடு வருகிறவர்களை உள்ளேயே விட மாட்டார்கள். அடுத்து எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு அடுத்து என்பதே இல்லை. வீட்டில் வைகாசிக்கு ஒரு இடம் பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார், பெண் வெளிநாடு கிளிநாடு என்று பேசக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். இந்தச் சனிக்கிழமை எனக்கு அமையாவிட்டால் எனக்கு எதுவுமே அமையாது.

என் ஒரிஜினல்கள் என்னிடம் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தன. நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இது தெரியும். சேருகிற அன்றே பத்தாவது மார்க் ஷீட் முதல் கவுன்சில் பதிவுச் சான்றிதழ் வரை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். இரண்டு வருடம் வேலையை விட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கிற பாண்டு முடிகிற வரைக்கும் பத்திரமாக இருக்கட்டும் என்பார்கள். என் பாண்டு முடிந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. அட்மின் ஆபீஸர் பிச்சைமுத்துவின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டீல் பீரோ. எங்கள் எல்லோருடைய படிப்பும் அதற்குள்தான் இருந்தது. ஆயுத பூஜைக்கு அந்தப் பீரோவுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். நாங்களும் கும்பிட்டுவிட்டுப் பொரி வாங்கித் தின்றுவிட்டு வருவோம். நினைத்தால் எரிகிறது.

திங்கட்கிழமை டூட்டி முடிந்து அவர் ரூமுக்குப் போனேன்.

"சார், என் சர்டிஃபிகேட் எல்லாம் வாங்கிக்கலாமா சார்?"

கேட்டுவிட்டுக் கீழே பார்த்தேன். கை கட்டியிருந்தது. அவிழ்த்துவிட்டேன்.

"எதுக்கும்மா?" என்றார் பிச்சைமுத்து.

"ஒரு இன்டர்வியூ இருக்கு சார். பாண்டும் முடிஞ்சிடுச்சு."

"முடிஞ்சாலும் ஒரு முறை இருக்குல்ல சிஸ்டர். வீட்டுலேருந்து யாராவது வந்து கையெழுத்துப் போடணும். அப்பா, இல்லாட்டி அண்ணன். கல்யாணம் ஆயிருந்தா ஹஸ்பெண்டு."

"எனக்கு இருபத்தொம்பது வயசு சார்."

"அதனாலதாம்மா. வயசுப் பொண்ணு. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா எங்களைத்தானே வந்து கேப்பாங்க?"

காலை நாலு மணிக்கு நோயாளிக்குப் பிரஷர் இறங்குகிறது, டாக்டர் போனை எடுக்கவில்லை, எந்த மருந்தைக் கூட்டுவது என்று நான் ஒருத்தியாக நின்று முடிவு பண்ணுகிறேன். அப்போது உப்பிலியபுரத்திலிருந்து அப்பா வந்து கையெழுத்துப் போடுவதில்லை. அந்த நோயாளி பிழைத்து வீட்டுக்குப் போகும்போது "ஏம்மா, உன் கார்டியன் யாரு?" என்று கேட்பதும் இல்லை. இதையெல்லாம் நான் அப்போது சொல்லவில்லை. "சரிங்க சார்" என்றுதான் சொன்னேன். பழக்கம்.

ஹாஸ்டலுக்கு வந்து அப்பாவுக்குப் போன் செய்தேன்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைச்சாமி என்றால் எங்கள் ஊரில் நல்ல மனுஷன். எங்கள் தெருவில் பெண்ணை வெளியூர் அனுப்பி நர்சிங் படிக்க வைத்த முதல் ஆள் அவர்தான். பஸ்ஸில், டீக்கடையில், ரேஷன் கடையில், யாரைப் பார்த்தாலும் "எம் பொண்ண நான் படிக்க விட்டேன், வேலைக்கும் விட்டிருக்கேன்" என்பார். சின்னப் பெண்ணாக இருந்தபோது அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருக்கும். விட்டேன், விட்டிருக்கேன், விட்டதனாலதான். எதையெல்லாம் விட்டார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நன்றி சொல்லிக்கொண்டே வளர்ந்துவிட்டேன்.

"வெங்காயம் எடுக்குற நேரம் பாப்பா. ஆள் கெடைக்கல. அடுத்த வாரம் வரேனே," என்றார்.

"சனிக்கிழமை இன்டர்வியூப்பா. அதுக்குள்ள வேணும். ஒரு கையெழுத்துதான்."

"பாக்குறேன்."

செவ்வாய்க்கிழமையும் பாக்குறேன். புதன்கிழமை அவர் போனை எடுக்கவில்லை. அம்மாவுக்கு அடித்தேன். "ஒங்கப்பா செல்ல வீட்டுல வச்சிட்டுக் காட்டுக்குப் போயிட்டாரு," என்றாள் அம்மா. அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் பின்னால் இருமல் சத்தம் கேட்டது. அந்த இருமல் யாருடையது என்று எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து கேட்கிற இருமல்.

வியாழக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். "நாளைக்குக் காலையில அப்பா இங்க வரணும். வரலேன்னா நான் அங்க வருவேன். வந்து தெருவுல நின்னு கத்துவேன். நான் கத்துனா எப்படி இருக்கும்னு யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது."

அம்மா "அனுப்பி வைக்கிறேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சப்பை. பை நிறையச் சின்ன வெங்காயம். பிச்சைமுத்து சாருக்காம். ஆபீஸருக்கு வெறுங்கையோடு போகக் கூடாதாம். எனக்குப் பாவமாக இருந்தது. கையெழுத்துப் போடத்தானே வந்திருக்கிறார், பேசாமல் இருப்போம் என்று நினைத்துக்கொண்டு கூட்டிப்போனேன்.

பிச்சைமுத்து எழுந்து நின்றே வரவேற்றார். எனக்கு ஒரு நாளும் எழுந்ததில்லை.

"வாங்க ஐயா, உக்காருங்க. போன தடவ குடுத்த வெங்காயம் பிரமாதம். வீட்டுல சொல்லிச் சொல்லிச் சமைச்சாங்க."

அப்பா உட்காரவில்லை. பையை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன தடவையா?" என்றேன்.

அப்பா பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"அப்பா, நீங்க இதுக்கு முன்னாடி இங்க வந்தீங்களா?"

"தை மாசம் ஒரு நாள் வந்தாரும்மா," என்றார் பிச்சைமுத்து, ஏதோ நல்ல சேதி சொல்கிறவர் போல. "பொறுப்பான அப்பா. பொண்ணுக்கு இடம் பேசியிருக்கோம், வெளிநாடு அது இதுன்னு மனசு மாறிடப் போவுது, அவ வந்து கேட்டாலும் சர்டிஃபிகேட்டக் குடுக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. அதான் உங்கள வரச் சொன்னேன். இப்ப என்னங்கய்யா, குடுக்கலாமா, வேணாமா?"

தை மாதம். அப்போது நான் மூன்றாவது மாடியில் டூட்டியில் இருந்திருப்பேன். அப்பா துறையூர் பஸ் ஏறி, சத்திரத்தில் இறங்கி, ஆஸ்பத்திரிக்கு வந்து, நான் வேலை செய்கிற கட்டிடத்துக்குள் நுழைந்து, கீழேயே பேசி முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் திரும்பிப் போயிருக்கிறார். அதுதான் எனக்கு முதலில் குத்தியது. பேப்பரை நிறுத்தி வைத்தது இல்லை. மேலே ஏறி வந்து என்னைப் பார்க்காமல் போனது.

"ஒரு வாரமா உங்களத்தானே கெஞ்சிக்கிட்டு இருந்தேன்," என்றேன். "வெங்காயம், வெங்காயம்னீங்களே."

"ஒன் நல்லதுக்குத்தான் பாப்பா," என்றார் அப்பா. தலை நிமிரவில்லை. "அவ்வளவு தூரம். மொழி தெரியாத ஊரு. ஏதாவது ஒண்ணுன்னா நான் யாரப் போயி கேப்பேன்?"

"என்னைக் கேளுங்க! ஒரே ஒரு தடவ என்னைக் கேளுங்க! இவரை வந்து கேக்கத் தெரிஞ்சுது, மாப்பிள்ளை வீட்டுல கேக்கத் தெரிஞ்சுது. நான் இதே கட்டடத்துல மூணாவது மாடியிலதானே இருந்தேன்?"

என் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ரூமுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள்.

"சிஸ்டர், மெதுவா," என்றார் பிச்சைமுத்து. "குடும்ப விஷயத்த வீட்டுல போயிப் பேசுங்க. இப்ப என்ன, சர்டிஃபிகேட் வேணும், அவ்வளவுதானே? இந்தாங்க, இந்த மாதிரியப் பாத்து ஒரு லெட்டர் எழுதுங்க. ஐயா கீழ சம்மதம்னு கையெழுத்துப் போடட்டும். போட்டா குடுத்துடறேன்."

ஒரு தாளைத் தள்ளினார். எல்லோரும் பள்ளிக்கூடத்தில் எழுதிய அதே லெட்டர்தான். அனுப்புநர், பெறுநர், ஐயா. எனது சான்றிதழ்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தயவுகூர்ந்து அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கீழே, பெற்றோர் அல்லது கணவர் கையொப்பம். ஆறாம் வகுப்பில் காய்ச்சல் வந்தபோதும் இதைத்தான் எழுதினேன். இருபத்தொன்பது வயதிலும் எனக்கு இதுதான் எழுதக் கிடைத்தது.

பிச்சைமுத்துவுக்கு எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்த ரூமில் நர்ஸ் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தில் எழுதினேன். 'என்னுடைய ஏழு ஒரிஜினல் சான்றிதழ்களையும் இன்று பெற்றுக்கொண்டேன்.' தேதி, கையெழுத்து, பதிவு எண். தள்ளினேன்.

அவர் படித்துப் பார்த்தார். "என்ன சிஸ்டர் இது? இதுல நீங்க கேக்கவே இல்லையே?"

"கேக்க மாட்டேன் சார். என் பேப்பர நான் எதுக்கு உங்ககிட்ட கேக்கணும்? வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். எடுத்துக் குடுங்க."

"ஐயா, நீங்க சொல்லுங்க," என்று அப்பாவைப் பார்த்தார்.

"மணி, எந்திரி," என்றார் அப்பா. "பெரியவங்க முன்னாடி..."

எழவில்லை.

"டூட்டிக்கு நேரமாச்சும்மா," என்றார் பிச்சைமுத்து. குரலில் கொஞ்சம் சூடு ஏறியிருந்தது.

"ஆகட்டும். நான் இங்கதான் இருப்பேன். நீங்க குடுக்குற வரைக்கும் இருப்பேன். குடுக்கலேன்னா நேரா ஸ்டேஷனுக்குப் போயி, என் பொருள இந்த ஆஸ்பத்திரி பூட்டி வச்சிருக்குன்னு எழுதிக் குடுப்பேன். என்னோடது மட்டும் இல்ல. அந்தப் பீரோவுக்குள்ள யார் யாரோடது இருக்கோ அவங்க பேரு எல்லாத்தையும் எழுதுவேன். எனக்கு எல்லாரு பேரும் தெரியும்."

அவர் வாசலைப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். ஒரு கும்பல் நின்றிருந்தது. இரண்டு நாளாக என்னிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்த ஒன்பதாம் நம்பர் நோயாளியின் மச்சான் செல்போனை உயரத் தூக்கி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தார். "நீங்க பேசுங்க சிஸ்டர்," என்றார் என்னிடம். ஐந்து வருடத்தில் ஒரு மச்சான் எனக்கு உபயோகப்பட்டது அன்றைக்குத்தான்.

பிச்சைமுத்து போனை எடுத்து யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினார். வைத்தார். எழுந்து பீரோவைத் திறந்தார்.

உள்ளே இரண்டு தட்டு முழுக்கப் பழுப்புக் கவர்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு நர்ஸின் பெயர், அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு போன் நம்பர். யார் நம்பர் என்று எனக்கு உடனே புரியவில்லை. இரவு டூட்டியில் என்னோடு இருக்கும் அனுசுயாவின் கவர் மேலே இருந்தது. அவள் நம்பர் எனக்குத் தெரியும். கவரில் இருந்தது அது இல்லை. அது அவள் புருஷன் நம்பர். என் கவரை எடுத்து நீட்டினார். மணிமேகலை என்று எழுதி, கீழே என் அப்பாவின் நம்பர். எங்கள் எல்லோருக்கும் செல்போன் இருக்கிறது. ஆஸ்பத்திரி நடு ராத்திரி கூப்பிட்டால் ஓடி வருவதற்கு எங்கள் நம்பர் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் படிப்பைப் பற்றிப் பேச மட்டும் வேறு ஆளைக் கூப்பிட வேண்டும்.

கவரைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏழும் இருந்தன.

"ரெஜிஸ்டர்ல ஐயாவும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டா நல்லது," என்று பிச்சைமுத்து நோட்டைத் திருப்பி அப்பாவிடம் பேனாவை நீட்டினார்.

அப்பா வாங்கிக்கொண்டார். மஞ்சப்பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார். சம்மதிக்கத்தான் குனிந்தார், எனக்குத் தெரிகிறது. ஊர் பார்க்க இவ்வளவு ஆன பிறகு, என்னை விட்டுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார். நாளைக்கு டீக்கடையில் "எம் பொண்ண ஜெர்மனிக்கு நான்தான் விட்டேன்" என்று சொல்வார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

நோட்டின் மேல் என் உள்ளங்கையை வைத்தேன். "அவர் போட வேணாம்."

அப்பா என் கையைப் பார்த்தார். பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டார்.

இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டு, ஆமாம், அதற்கும் பர்மிஷன்தான், அவரைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். துறையூர் பஸ் நின்றிருந்தது. ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் வெங்காயப் பையை ஆபீஸிலேயே விட்டுவிட்டது அவருக்கு ஞாபகம் வந்தது. "அந்த ஆளு தின்னட்டும்," என்றேன்.

பஸ் கிளம்ப ஸ்டார்ட் பண்ணினார்கள். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தின் மேல் கோபமும் வந்தது. எத்தனை வருடம் இந்த முகத்தைப் பார்த்துத்தான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றிருக்கிறேன்.

"போயிட்டு வரட்டுமா பாப்பா?" என்றார்.

"போங்க," என்றேன்.

போயிட்டு வாங்க என்றுதான் சொல்ல வேண்டும். எதிரியாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வோம். எனக்குப் பாதிதான் வந்தது. மீதிக்கு அவர் காத்திருந்தார். பஸ் நகர்ந்து, காவிரிப் பாலம் பக்கம் திரும்புகிற வரைக்கும் அவர் ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஹோட்டலின் ஏ.சி. அறையில் பதினைந்து பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். ரெஜிஸும் இருந்தார். என் பெயரைக் கூப்பிட்டபோது மணி பதினொன்று. உள்ளே நீளமான மேஜை, அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஜெர்மன்காரம்மா. நரைத்த குட்டை முடி, மூக்கு நுனியில் கண்ணாடி. பேர் கேட்டார், ஊர் கேட்டார், ஐ.சி.யூ.வில் எத்தனை வருடம் என்று கேட்டார். மெதுவாகத்தான் பேசினார். எனக்குப் புரிந்தது.

கவரை மேஜை மேல் வைத்தேன். அவர் கையை நீட்டினார். கை கவருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தொடவில்லை.

"டார்ஃப் இஷ்?" என்றார்.

என்னிடம்தான் கேட்கிறார் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நான் பார்க்கலாமா, நீங்கள் விடுவீர்களா. ஆறாம் வகுப்பிலிருந்து நான் எல்லோரிடமும் கேட்ட கேள்வி. என் பேப்பரைத் தொட யாரும் என்னிடம் கேட்டதில்லை. அந்தம்மாவைத் தெய்வம் என்று நினைத்துவிடவில்லை. அங்கேயும் ஒரு பிச்சைமுத்து இருப்பான், அவனுக்குப் பின்னால் ஒரு பீரோ இருக்கும், வேறு மொழியில் 'கூடாது' என்பான். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தக் கை காற்றில் நின்றுகொண்டிருந்தது. நான் சொல்லாமல் அது இறங்காது. நிற்கட்டும் என்று கொஞ்சம் நிற்க வைத்தேன்.

"யா, ஸீ ட்யூர்ஃபன்," என்றேன்.

எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பத்தாவது, பன்னிரண்டாவது, நர்சிங், கவுன்சில். ஃபாரத்தில் ஏதோ எழுதினார். போன் நம்பர் இருக்கிற கட்டத்துக்கு வந்ததும் கவரைத் திருப்பி, சிவப்பு மையில் இருந்ததைப் பேனாவால் காட்டினார்.

"இது உங்கள் நம்பரா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

அந்தப் பத்து எண்ணும் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். முதல் நாள் ஹாஸ்டலில் அழுதுகொண்டு கூப்பிட்டது அந்த நம்பர். நர்சிங் ரிசல்ட் வந்தபோது முதலில் கூப்பிட்டது அந்த நம்பர். நேற்று சாயங்காலம் அதிலிருந்து இரண்டு மிஸ்டு கால் வந்திருந்தது. நான் எடுக்கவில்லை.

"நைன்," என்றேன்.

ஒரே தடவையில், சத்தமாக வந்தது. அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார். நான் கையை நீட்டிப் பேனாவைக் கேட்டு வாங்கி, அப்பா நம்பரின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, அதற்குக் கீழே என் நம்பரை எழுதினேன்.